ஜார்ஜ் ஓட்ஸ் ரஷ்யப் பாடகர் அல்ல

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில் பழைய சோவியத் படங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் ஜார்ஜ் ஓட்ஸை 'ரஷ்யப் பாடகர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அவர் 1920இல் ரஷ்யாவின் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பிறந்தவர்தான், அதனால் குழப்பம் வரலாம், சரி. ஆனால் குடும்பம் எஸ்டோனியக் குடும்பம், அப்பா கார்ல் ஓட்ஸும் ஓபரா பாடகர், மகன் வாழ்ந்ததும் பாடியதும் 1975இல் இறந்ததும் எஸ்டோனியத் தலைநகர் தாலினில்தான். 1958இல் வந்த 'மிஸ்டர் எக்ஸ்' படத்தில் முகமூடி போட்ட சர்க்கஸ்காரராக நடித்து சோவியத் நாடு முழுக்கப் புகழ் பெற்ற பிறகும், அவர் எஸ்டோனியா ஓபரா அரங்கை விட்டுப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் தாலினில் ஒரு சின்னக் கடையில் அவருடைய கேசட் ஒன்று வாங்கினேன். கடைக்கார அம்மாள் அட்டையைத் திருப்பி, 'சாரேமா வால்ஸ்' என்ற எஸ்டோனியப் பாட்டை நகத்தால் கீறிக் காட்டிவிட்டுத்தான் காசை வாங்கினார். படப் பாட்டைக் காட்டவில்லை, தன் மொழிப் பாட்டைக் காட்டினார்.

இனி இப்படிப்பட்ட கட்டுரைகளில் சோவியத் கலைஞர் ஒவ்வொருவரும் எந்த ஊர், எந்த மொழி என்று பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு வார்த்தை சேர்த்துப் போடுங்கள்.

— ஒரு வாசகர், தூத்துக்குடி