மாதம் 18 யூரோ 36 சென்ட்

திருச்சி

அன்புள்ள சேகர்,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டியிருப்பாய், திட்டு. இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். பத்மநாபன் சார் இன்னும் அதே குடையோடுதான் நடக்கிறார், வெயிலோ மழையோ.

உன் கேள்விக்கு வருகிறேன். "டிவியே இல்லாத வீட்டுக்கு ஒளிபரப்புக் கட்டணம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு தரம் 55 யூரோ 8 சென்ட் எதுக்குடா? நான் பார்க்கிறது நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும்தான்" என்று எழுதியிருக்கிறாய். டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே காலம் தள்ளினவனிடம் போய்க் கேட்டிருக்கிறாய். பக்கம் பக்கமாகத்தான் வரும்.

டிவி இருக்கிறதா என்று உன் ஜெர்மனியில் இப்போது யாரும் கேட்பதே இல்லை. 2013 ஜனவரிக்கு முன்னால் பெட்டிக்குத்தான் கட்டணம். ஆள் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பான். பிறகு போனும் லேப்டாப்பும் டிவியாகிவிட்டன. எதை எண்ணுவது? அதனால் குடியிருப்புக்கு ஒரு கட்டணம் என்று மாற்றிவிட்டார்கள். உள்ளே நான்கு டிவி இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோதான். அரசியல் சாசன நீதிமன்றம் 2018-ல் இது செல்லும் என்றது; ஒரே ஆள் இரண்டாவது வீட்டுக்கும் கட்ட வேண்டும் என்றதை மட்டும் தள்ளிவிட்டது.

பெட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க பிரிட்டனுக்குப் போ. டிவி லைசென்ஸ் வருடத்துக்கு 174.50 பவுண்டு, 2025 ஏப்ரல் கணக்கு. நேரலை எதைப் பார்த்தாலும், எந்தக் கருவியில் பார்த்தாலும், லைசென்ஸ் வேண்டும். 2016 செப்டம்பரிலிருந்து பிபிசியின் ஐபிளேயர் ஆப்பில் பழைய நிகழ்ச்சி பார்க்கவும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் படம் மட்டும் பார்ப்பவனுக்கு வேண்டாம். வீட்டுக்குள் ஒருவன் என்ன பார்க்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடிதம் மேல் கடிதம் போட்டு மிரட்டுவதும் ஆள் அனுப்பிக் கதவைத் தட்டுவதும்தான் வழி. கட்டாமல் பார்ப்பது அங்கே கிரிமினல் குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம். தண்டிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பகலில் கதவு தட்டினால் யார் வீட்டில் இருப்பார்களோ அவர்கள் பெயர்தான் நோட்டில் ஏறும். அந்தக் காட்சி ஒன்றே போதும் அந்த முறையை மூட்டை கட்ட. கறுப்பு வெள்ளை டிவிக்குத் தனி லைசென்ஸ், அதே 2025 கணக்கில் 58.50 பவுண்டு, இன்னும் விற்கிறார்கள் என்றால் நம்புவாயா?

நம்ம லண்டன் பாஸ்கரன் "நான் லைசென்ஸை வெட்டிவிட்டேன்" என்று குரூப்பில் மீசையை முறுக்கினானே. கிரிக்கெட்டை நேரலையாகப் பார்க்கிறான், ஆப்பில். நேரலைச் சானல் என்றால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்று அவனிடம் நீயே சொல். நான் சொன்னால் மூன்று நாள் பேசமாட்டான்.

அடுத்து நீ கேட்பது தெரியும்: பார்க்கிறவன் மட்டும் சந்தா கட்டட்டுமே? காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பூட்டு எங்கே போடுவாய்? பிரிட்டனில் ஆன்டெனா வழியாக இலவச டிவி தருகிற ஃப்ரீவியூ பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்டு சொருகவே இடம் கிடையாது. சமிக்ஞை திறந்தபடி வருகிறது. பூட்டவேண்டுமென்றால் வீட்டுக்கு வீடு பெட்டி மாற்றவேண்டும். ரேடியோவுக்கு அதுவும் முடியாது. காரிலும் சமையலறையிலும் கிடக்கிற செட்டுகளில் சாவி போட எதுவுமில்லை. மாதச் சந்தா இல்லாத நம்ம தூர்தர்ஷன் தட்டு, டிடி ஃப்ரீ டிஷ்ஷும் அப்படித்தான். பழைய எம்பெக்-2 பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும், 93.5 டிகிரி கிழக்குக்குத் தட்டைத் திருப்பினால் படம் வரும். யார் பார்க்கிறார்கள் என்று எண்ணவும் முடியாது, கட்டாதவனை நிறுத்தவும் முடியாது.

ஆப்பில் மட்டும் பூட்டலாம், சரி. அங்கேதான் செலவு கழுத்தைப் பிடிக்கும். இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, அதனால் கணக்கோடு எழுதுகிறேன். டவரிலிருந்து போகிற ஒளிபரப்பை நூறு பேர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் கரண்ட் பில் ஒன்றுதான். ஸ்ட்ரீமிங் நேர்மாறு. நல்ல எச்.டி. படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வைத்துக்கொள். ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி. 10 லட்சம் பேர் ஒரு மணி நேரம் பார்த்தால் 22.5 லட்சம் ஜிபி. அத்தனையையும் ஊருக்கு ஊர் சர்வர் வைத்திருக்கிற கம்பெனி ஜிபிக்கு இவ்வளவு என்று பில் போட்டு அனுப்பும். கூட்டம் கூடக் கூட பில் கூடும். தேர்தல் முடிவு நாளில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று ஊகித்து முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கவேண்டும். ஊகம் தப்பினால் படம் சுற்றிக்கொண்டு நிற்கும். விளம்பரமோ சந்தாவோ வாங்குகிறவனுக்குக் கூட்டம் கூடினால் வரவும் கூடும். நிலையான தொகையில் ஓடுகிற பொது ஒளிபரப்புக்குக் கூட்டம் கூடினால் செலவு மட்டும்தான் கூடும்.

டவரை அணைத்துவிடலாமா? அதுவும் முடியாது. கிழவர்கள், ஏழைகள், மலையூர்க்காரர்கள் எல்லாம் அதில்தான் இருக்கிறார்கள். பிரிட்டனில் குறைந்தது 2034 வரை தரைவழி டிவியை ஓட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆக டவருக்கும் பணம், சர்வருக்கும் பணம், இரண்டும் ஒரே பர்ஸிலிருந்து. ஸ்ட்ரீமிங் வந்துவிட்டதே, பொது ஒளிபரப்புக்குச் செலவு குறைந்திருக்குமே என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். 2015 டிசம்பரில் சென்னையில் கரண்டும் போனும் படுத்தபோது பென்சில் செல் ரேடியோ ஒன்று வீட்டில் இருந்திருந்தால் என்ன அருமை என்று உன் தங்கையைக் கேள்.

இனி யார் தருவது என்பதைவிட, எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பார். என் மனசில் மற்ற எல்லாவற்றையும்விட இது பெரிசு. ஸ்வீடன் 2019-ல் லைசென்ஸை எடுத்துவிட்டு வருமானத்தில் 1 சதவீதம் என்று வரியோடு சேர்த்தது, உச்சவரம்பு உண்டு. ஏழைக்குச் சுமை குறைவு, வசூல் செலவும் குறைவு, நல்ல ஏற்பாடு. பிரான்ஸ் 2022-ல் 138 யூரோ கட்டணத்தை ஒழித்துவிட்டு வாட் வரியில் ஒரு பங்கைக் கொடுத்தது. அந்தப் பங்கு நிலைக்குமா என்ற பயத்திலேயே இரண்டு வருடம் ஓடி, 2024 கடைசியில்தான் அதற்குச் சட்டம் வந்தது. ஆஸ்திரேலியா 1974-லேயே லைசென்ஸை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து அரசு பட்ஜெட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2025 ஜூலையில் ஒரே சட்டத்தில், பொது ஒளிபரப்புக்கு ஏற்கனவே ஒதுக்கிய இரண்டு வருடப் பணம் 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பட்ஜெட் பணத்தின் குணம் அது. கொடுத்த கைக்கு எடுக்கவும் தெரியும்.

லைசென்ஸ் என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது. பிரிட்டனில் பணவீக்கம் 11 சதவீதத்தைத் தாண்டிய சமயத்தில் கட்டணத்தை இரண்டு வருடம் 159 பவுண்டிலேயே நிறுத்தி வைத்தது அரசாங்கம்தானே. நம்ம பிபிசி தமிழோசை 1941-ல் தொடங்கியது. அது சேர்ந்த பிபிசி உலகச் சேவைக்கு பிரிட்டன் வெளியுறவுத் துறை பணம் தந்துகொண்டிருந்தது. 2014-ல் அந்தச் சுமை லைசென்ஸ் பணத்தின் தலையில் ஏறியது. 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றது. இதற்கு அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் பர்ஸ் ஒன்று, கைகள் பல என்றால் முதலில் வெட்டுப்படுவது தூரத்து மொழிகள்தான்.

உன் ஊர் முறையில் எனக்குப் பிடித்தது கெஃப் ஆணையம். பதினாறு மாநிலங்கள் ஆளுக்கொருவராக நியமிக்கிற பதினாறு நிபுணர்கள். ஏஆர்டி, இசட்டிஎஃப், டாய்ச்லாண்ட்ராடியோ என்ற பொது ஒளிபரப்பு நிறுவனங்கள் மூன்றும் அடுத்த நான்கு வருடத்துக்கு என்ன வேண்டும் என்று கணக்குக் கொடுக்கவேண்டும். அவர்கள் வரி வரியாகப் பார்த்து வெட்டுவார்கள். இந்தச் செய்தி ஏன் போட்டாய் என்று கேட்க மட்டும் உரிமை கிடையாது. 2020 டிசம்பரில் ஒரே ஒரு மாநிலம், சாக்சன்-அன்ஹால்ட், 86 சென்ட் உயர்வைத் தடுத்தது. அடுத்த ஆண்டு அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்டு 18.36 ஆக்கியது. 2025-லிருந்து 18.94 வேண்டும் என்று ஆணையம் சொன்னது. மாநிலங்கள் கையெழுத்துப் போடவில்லை. 2024 நவம்பரில் மறுபடி வழக்கு. ஓட்டை இருக்கிறது. இருந்தாலும் சண்டை 58 சென்ட்டைப் பற்றி, அதுவும் கோர்ட்டில். ஒரு மந்திரி கோபத்தில் பேனாவை எடுத்தால் முடிந்துவிடுகிற கதை அங்கே இல்லை.

நம்ம ஊருக்கு வா. போஸ்ட் ஆபீஸில் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டினது உனக்கும் ஞாபகம் இருக்கும். 80-களில் அது போயிற்று. தூர்தர்ஷனையும் ஆல் இந்தியா ரேடியோவையும் நடத்துகிற பிரசார் பாரதிக்குச் சட்டம் 1990-ல் வந்தது, அமைப்பு உருவானது 1997 நவம்பரில். தன்னாட்சி என்று பெயர். பணத்தைப் பார்: சம்பளம் அரசு மானியத்தில். மெஷினுக்கும் கட்டடத்துக்கும், நிகழ்ச்சிக்கு ஒரு பங்கும் சேர்த்து, 2,539 கோடி ரூபாய்த் திட்டம், 2026 வரை. மீதி நிகழ்ச்சிச் செலவுக்கு? நீயே சம்பாதி. கட்டடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது, உள்ளே போடச் சரக்குக்குத்தான் காசு போதவில்லை. பொதிகைக்கு 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் வைத்தார்கள். பெயர்ப்பலகை எழுதுவது சுலபம்.

ஃப்ரீ டிஷ்ஷில் இடத்தை ஏலம் விட்டு ஆயிரம் கோடியைத் தொட்ட வருடங்களும் உண்டு. தனியார் சானலுக்கு வாடகைக்கு விட்டுப் பொது ஒளிபரப்பு பிழைப்பது வேடிக்கைதான், ஆனால் கெட்ட ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். 2022 ஏப்ரலில் பெரிய நான்கு கம்பெனிகளும் தங்கள் இந்திப் பொழுதுபோக்குச் சானல்களை எடுத்துக்கொண்டு போய், அடுத்த வருடம் திரும்பி வந்தார்கள். அப்படிப்பட்ட வருமானத்தை நம்பி ஐந்து வருடத் திட்டம் போட முடியாது. 2024 நவம்பரில் பிரசார் பாரதியின் வேவ்ஸ் என்ற ஸ்ட்ரீமிங் ஆப் வேறு வந்துவிட்டது. சர்வர் பில்லும் இனி இதே பர்ஸில்.

இத்தாலி 2016-ல் செய்ததைச் சிலர் இங்கே சொல்கிறார்கள்: டிவி கட்டணத்தை கரண்ட் பில்லில் பத்துத் தவணையாகச் சேர்த்தார்கள், ஏய்ப்பு மளமளவென்று குறைந்தது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிற நம்ம மின்வாரியம் டெல்லிக்காக வசூல் செய்யுமா? அந்த அறிவிப்பு வந்த அன்று சட்டசபை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார், சிரித்துக்கொள். ஸ்விட்சர்லாந்து மாதிரி ஸ்ட்ரீமிங் கம்பெனிகளை வருமானத்தில் 4 சதவீதம் உள்நாட்டுப் படங்களில் போடச் சொல்லலாம். போடட்டும். அதில் மீனவருக்கு வானிலை அறிக்கை வராது.

நான் சொல்வது இது. தொலைபேசிக் கம்பெனிகள் வருவாயில் 5 சதவீதம் கிராமச் சேவைக்கென்று கட்டுகின்றன. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். அதில் ஒரு பங்கைப் பொது ஒளிபரப்புக்குச் சட்டத்தில் எழுதி வை. எவ்வளவு என்பதை நிதிக்குழு மாதிரி ஒரு குழு ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் சொல்லட்டும். அதில் பாதியாவது நிகழ்ச்சிக்கு, சம்பளத்துக்கு இல்லை. சிக்கல் எனக்கும் தெரியும்: அந்தப் பணம் முதலில் அரசின் பொதுக் கஜானாவுக்குத்தான் போகும், நாடாளுமன்றம் எடுத்துக் கொடுத்தால்தான் வெளியே வரும், கிராம நிதியிலேயே செலவழிக்காமல் கிடந்தது ஏராளம். ஆகவே தருகிற தேதியையும் சட்டத்திலேயே போட வேண்டும். உனக்கு வேறு வழி தோன்றினால் எழுது, சண்டை போடலாம்.

பையனுக்கு கொலோனில் இருக்கிற கட்டண வசூல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றாயே, அதைக் குப்பையில் போடச் சொல்லாதே. பங்கு வீடு என்றால் ஒருவர் கட்டினால் போதும். கட்டுகிற நண்பனின் கட்டண எண்ணை வாங்கி ஆன்லைனில் பதில் போடட்டும். விடுதியில் பொது நடைபாதையில் கதவு திறக்கிற தனி அறை என்றால் அது தனிக் குடியிருப்பு, அவனேதான் கட்டவேண்டும். பாஃபெக் என்ற அரசு மாணவர் உதவித்தொகை வாங்கினால் விலக்குக் கேட்கலாம், மூன்று வருடம் வரை பின்தேதியிட்டும் கிடைக்கும். உன் காசில் படிக்கிறவனுக்கு அது கிடைக்காது. பேசாமல் இருந்தால் தாமதக் கட்டணம் குறைந்தது 8 யூரோ, பாக்கி தனி.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா என்று ஒரு வரியாவது எழுது. அறை சொல்லி வைக்கவேண்டும்.

உன்,
நடராஜன்