பரிசுத் தொகைக்குப் பின்னால் உள்ள கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளையை டென்னிஸ் தொழிலுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், கிராண்ட் ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளின் பரிசுத் தொகையைப் பார்த்தே மனக்கணக்குப் போடுகிறார்கள். தொடங்கும் இடம் அதுவல்ல, சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் (ஐ.டி.எஃப்.) நடத்தும், ஆண்களுக்கான அடிமட்ட எம்15 போட்டிகள். அங்கே மொத்தப் பரிசே 15,000 அமெரிக்க டாலர். ஒற்றையர் பிரதானச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றால் ஏறக்குறைய 150 டாலர் கிடைக்கும். தரவரிசைப் புள்ளி கிடையாது. அதற்கு முந்தைய தகுதிச் சுற்றிலேயே வெளியேறினால் பணமும் இல்லை. அந்தத் தொகையிலும் வரி பிடிப்பார்கள். விமான டிக்கெட், ஹோட்டல், ராக்கெட் நரம்பு மாற்றும் கூலி எல்லாம் கைக்காசு.

ஆகவே வாரத்துக்கு ஒரு நாடு என்று பறக்கக் கூடாது. துனீசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அந்தாலியா போன்ற ஊர்களில் அடுத்தடுத்த வாரங்களில் போட்டிகள் நடக்கும். ஒரே டிக்கெட்டில் மூன்று வாரம் ஆடலாம். இரட்டையர் ஜோடியை முன்பே பேசி வைத்தால் அறை வாடகையும் பாதியாகும். பெயர் கொடுக்கும் கடைசி நாளைவிட விலகும் கடைசி நாளைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தாமதமாக விலகினால் அபராதம்.

புள்ளிகள் 52 வாரத்தில் கழிந்துவிடும். இரண்டு மாதக் காயம் போதும், தரவரிசை சரிய. 2025 ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்றில் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 35,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலில் நுழைய உலகத் தரவரிசையில் ஏறக்குறைய முதல் 250 இடங்களுக்குள் இருக்க வேண்டும்.

நம் மலேசியாவில், கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் நடந்துவந்த, ஆண்களுக்கான உயர்மட்டத் தொழில்முறைச் சுற்றான ஏ.டி.பி. போட்டி 2015-உடன் நின்றுபோனது. பெரிய போட்டி திரும்பாவிட்டாலும் பரவாயில்லை. கோலாலம்பூர் ஜாலான் டூத்தாவில் உள்ள டென்னிஸ் மையத்தில் எம்15 போட்டிகளைத் தொடர்ந்து மூன்று வாரம் நடத்தினால், நம் பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டோடு புள்ளி சேர்ப்பார்கள். விளையாட்டு அமைச்சு இதைக் கவனிக்குமா?

டென்னிஸ் ஆர்வலர்,
செந்தூல், கோலாலம்பூர்