ஃப்ரீசரில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வை, பாப்பா

பாப்பாவுக்கு,

ஐஸ்கிரீமுக்குப் பதில் பழத்தை உறைய வைத்துச் சாப்பிடு என்று போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று நீ சொல்வதும் அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தமும் சேர்ந்தே கேட்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமா என்று சிரிக்காதே. சனிக்கிழமை காபி குடிக்கும்போது படித்தால் போதும்.

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு உங்கம்மா வீடியோ கால் போட்டாளே, அப்போது உன் மடியில் ஒரு அரை லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. நீ அதைத் தலையணைக்குப் பின்னால் தள்ளியதையும் பார்த்தேன். திட்டவில்லை, சம்பாதிக்கிற பிள்ளை, உன் காசு. ஆனால் நீயேதான் சொன்னாய், வேலை முடிந்ததும் வாய் ஜில்லென்று எதையாவது கேட்கிறது, சாப்பிட்ட பிறகு வயிறு திம்மென்று இருக்கிறது, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று. அந்த டப்பாவில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தரம் பார். நம் நாட்டு விதிப்படி, சாதாரண ஐஸ்கிரீம் என்று விற்க வேண்டுமானால் நூற்றுக்குப் பத்து பங்காவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் ஊற்றினால் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றுதான் போட வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று நீ ஆர்டர் போடுகிறவற்றில் பாதி இந்த இரண்டாவது ரகமாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

நான் ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். போன வருஷம் சித்திரை வெயிலில் இந்தப் பழத்தை உறைய வைக்கிற வேலையில் இறங்கினேன். உங்கம்மாவுக்குச் சர்க்கரை வந்த பிறகு வீட்டுக்குள் ஐஸ்கிரீம் கூடாது என்று ஆகிவிட்டது, எனக்கோ நாக்கு அடங்கவில்லை. முதல் நாளே கெடுத்தேன். தர்பூசணியைத் துண்டு போட்டு எவர்சில்வர் டப்பாவில் அமுக்கி அடைத்து வைத்தேன், மறுநாள் காலையில் அது ஒரே செங்கல். தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான், கல்லாகாமல் என்ன செய்யும்? தேங்காய் உடைக்கிற அரிவாளின் பின்பக்கத்தால் தட்டி, உடைந்த கட்டியை அப்படியே மிக்ஸியில் போட்டு ஓட்டினேன். கப்ளர் போய்விட்டது. உங்கம்மா மூன்று நாள் அம்மியில்தான் சட்னி அரைத்தாள், அந்த மூன்று நாளும் என்னோடு பேசவில்லை.

சரி, உனக்கு எது லேசு என்றால் திராட்சைதான். அதற்கு மிக்ஸியே வேண்டாம். நம் பக்கத்துப் பன்னீர் திராட்சை உனக்குத் தெரியாததா, 2023இல் புவிசார் குறியீடுகூடக் கொடுத்தார்கள். ஆனால் அதில் கொட்டை இருக்கிறது, உறைந்த பழத்தைக் கடிக்கும்போது அந்தக் கொட்டை பல்லில் நறநறவென்று மாட்டும். எனக்கு அது பிடிக்கும், உனக்குப் பிடிக்காது. அதனால் நீ கொட்டையில்லாத பச்சைத் திராட்சையே வாங்கிக்கொள். காம்பைக் கிள்ளிவிட்டு, உப்புப் போட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசு. அப்புறம்தான் முக்கியமான வேலை: பழைய வேட்டித் துணியிலோ துண்டிலோ பரப்பி ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பழத்தைச் சுற்றி வெள்ளையாய்ப் பனி ஒட்டிக்கொண்டு எல்லாம் கொத்தாய்ப் பிடித்துக்கொள்ளும், நீ ஸ்பூனால் குத்திக்கொண்டு நிற்பாய். ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வை, மூன்று நாலு மணி நேரத்தில் கோலிக்குண்டு மாதிரி கலகலவென்று உருளும். அப்போது டப்பாவுக்கு மாற்றிவிடு.

ஐஸ் கட்டி மாதிரி பல்லை உடைக்குமோ என்று பயப்படாதே. பழத்தில் இருக்கிற சர்க்கரை தண்ணீரை முழுசாக உறையவிடாது, திராட்சையில் நூற்றுக்குப் பதினாறு பங்கு போலச் சர்க்கரை, அதனால் உள்ளே சதை கொஞ்சம் மெத்தென்றே இருக்கும். வெளியே எடுத்து இரண்டு நிமிஷம் விட்டு வாயில் போட்டுப் பார், தோல் டப்பென்று வெடித்து உள்ளே சர்பத் மாதிரி கரையும். அண்ணன் வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோனால் மட்டும் ஒன்று, சின்னவனுக்கு முழுப் பழமாகக் கொடுத்துவிடாதே, தொண்டையில் அடைத்துக்கொள்ளும், நீளவாக்கில் வெட்டித்தான் கொடுக்க வேண்டும்.

வாழைப்பழம் அடுத்தது, எனக்கு அதுதான் அதிசயம். ஆனால் தோலோடு வைக்காதே, நான் அதையும் செய்தேன், கத்தியால் செதுக்கி எடுக்க வேண்டியதாகப் போயிற்று. தோலில் கறுப்புப் புள்ளி நிறைய விழுந்து, இன்னும் ஒரு நாள் விட்டால் குப்பைக்குத்தான் என்கிற பழமாக எடு. ஜில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், அரைப்பழமாக வைத்தால் சப்பென்று இருக்கிறது என்று நீ சர்க்கரை டப்பாவைத் தேடுவாய். உரித்து, அரை விரல் கனத்துக்கு வட்டமாய் நறுக்கி, திராட்சை மாதிரியே பரப்பி ராத்திரி முழுக்க உறையவிடு. மறுநாள் இரண்டு பழத்துத் துண்டுகளை எடுத்து ஐந்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டு மிக்ஸியின் சின்ன ஜாரில் போடு. ஒரேயடியாக ஓட்டாதே, விட்டு விட்டுத் தட்டு.

முதலில் புட்டு மாதிரி உதிரியாக வரும். இங்கேதான் எல்லாரும் பயந்துபோய்ப் பாலை ஊற்றிக் கெடுக்கிறார்கள். ஊற்றாதே. மூடியைத் திறந்து ஓரத்தில் ஒட்டியதை ஸ்பூனால் வழித்துவிட்டு மறுபடி தட்டு. கொஞ்ச நேரத்தில் கொழுக்கட்டை மாவு மாதிரி திரண்டு ஒரு பக்கமாய்ச் சுற்றும், இன்னும் இரண்டு தரம் வழித்துவிட்டு ஓட்டினால் திடீரென்று ஜாரின் சத்தமே மாறும், கடகடவென்றிருந்தது அடங்கி வழவழவென்று ஓடும், எட்டிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி ஒரு குழைவு. பால் இல்லை, சர்க்கரை இல்லை, வெறும் வாழைப்பழம். உறையும்போது ஐஸ் ஊசிகள் பழத்தின் சதையைக் கிழித்துவிடுகின்றன, அதை அரைக்கும்போது காற்றும் உள்ளே மாட்டிக்கொள்கிறது, பழத்தின் கெட்டித்தன்மை அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதுதான் சூட்சுமம். பூவன் போட்டால் லேசாய் ஒரு புளிப்பு இருக்கும், எனக்கு அதுதான் இஷ்டம். உங்கம்மா ரஸ்தாளி என்கிறாள். ஒரு ஏலக்காயும் ஒரு கல் உப்பும் சேர்த்தால் போதும், உடனே சாப்பிட்டுவிடு, திரும்ப உறைய வைத்தால் பாறையாகிவிடும்.

மாம்பழம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், நீயே விட மாட்டாய். பெரியகுளம் காசா லட்டு வந்தால் சதையை வழித்து, துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரோடு சரிபாதி கலந்து, சின்ன டம்ளரில் ஊற்றி நடுவில் ஸ்பூனைக் குத்தி வைப்பேன். எடுக்கும்போது டம்ளரின் வெளிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நாங்கள் பையன்களாக இருந்தபோது சைக்கிளில் மரப்பெட்டி கட்டிக்கொண்டு ஒருவர் வருவார், பெட்டி மூடியை டப் டப் என்று அடிப்பார், ஐந்து பைசாவுக்குச் சிவப்புக் குச்சி ஐஸ். சேமியா ஐஸ் பத்து பைசா, அது பணக்காரப் பிள்ளைகளுக்கு. நாலு உறிஞ்சு உறிஞ்சினால் சிவப்பெல்லாம் நாக்குக்கு வந்துவிடும், கையில் வெறும் வெள்ளை ஐஸ் மிச்சம் இருக்கும், அதையும் விட மாட்டோம். அதில் பழம் எங்கே இருந்தது, சாக்கரினும் சாயமும்தான். பழக்கூழில் செய்தால் அப்படி வெளுக்காது, கடைசிக் கடி வரைக்கும் மாம்பழம்தான். பப்பாளியை மட்டும் உறைய வைக்காதே. ஒரு வாடை வரும், சொன்னால் புரியாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பழம்தானே என்று டப்பாவைக் காலி செய்யாதே. நூறு கிராம் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 90 கலோரி, திராட்சையில் 70, அதே எடை ஐஸ்கிரீமில் 200 பக்கம் வரும். பாதிக்கும் கீழே, உண்மைதான், ஆனால் சர்க்கரை இல்லை என்று அர்த்தமில்லை. உங்கம்மா டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினாள், சாயங்காலம் எண்ணி எட்டுத் திராட்சை. ஒன்பதாவதை எடுக்கும்போது நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறாள்.

உன் ஃப்ரீசரைத் திறந்து காட்டச் சொன்னபோது ஒரு மூலையில் பனி மலை மாதிரி பிடித்திருந்தது, அதை முதலில் உருக்கி எடுங்கள். கூட இருக்கிற பிள்ளை நெத்திலி வைத்திருக்கிறாள் என்றாயே, அப்படியானால் இறுக்கமான மூடி போட்ட டப்பா வாங்கிக்கொள், இல்லையென்றால் உன் வாழைப்பழம் கருவாட்டு வாசனையோடு வரும். பழம் வைக்கிற அன்றைக்கு மட்டும் திருகை அதிகக் குளிருக்குத் திருப்பி வை. சீக்கிரம் உறைந்தால் ஐஸ் பொடிசாக இருக்கும், மெதுவாக உறைந்தால் பெரிசு பெரிசாய்க் கட்டி நறுக்கென்று கடிபடும். நம் வீட்டு ஒற்றைக் கதவுப் பெட்டியில் கரண்ட் போய்ப் போய் வருவதால் நான் பதினைந்து நாளுக்கு மேல் வைப்பதில்லை, உன்னுடையதில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டி போட்டு விடுகிறேன், மூன்று கிலோ பன்னீர் திராட்சை, ஒரு சீப்புப் பூவன். கொட்டை இருந்தால் என்ன, கொஞ்சம் என் வழியிலும் சாப்பிட்டுப் பார். சனிக்கிழமை காலை கிளாம்பாக்கத்தில் வாங்கிக்கொள், டிரைவர் நம்பரை அம்மா அனுப்புவாள். பெட்டியைத் திறந்ததும் நசுங்கிய பழத்தைத் தனியாக எடுத்துவிடு. அப்புறம், தீபாவளிக்கு அதிரசம் கொடுத்து அனுப்பிய தூக்குச்சட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதே டிரைவரிடம் கொடுத்து அனுப்பிவிடு. உங்கம்மா தினமும் கேட்கிறாள்.

அப்பா