பெயரைப் பதியும் முன் பழைய பில்லைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் தொடங்குவோருக்கான தங்கள் கட்டுரையில், ஜிஎஸ்டி எண்ணும் நிறுவனப் பதிவும் வாங்கிவிட்டால் கடைப் பெயர் நமக்கே சொந்தம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி நம்பித்தான் நானும் ஏமாந்தேன்.

2014 முதல் இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்து, மாமியாரின் பெயரிலேயே விற்று வருகிறோம். சென்ற ஆண்டு வழக்கறிஞர் நோட்டீஸ் ஒன்று வந்தது. அந்தப் பெயரை வெளியூர்க்காரர் ஒருவர் வணிகச் சின்னமாக (டிரேட்மார்க்) பதிந்துவிட்டாராம். கடைகளிலிருந்து எங்கள் பாக்கெட்டுகளை எடுத்துவிட வேண்டுமாம். மாமியார் அன்று முழுவதும் யாருடனும் பேசவில்லை.

ஜிஎஸ்டி சான்றிதழோடு வழக்கறிஞரிடம் ஓடினேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, "பழைய பில் இருக்கிறதா?" என்றார். பரணில் கிடந்த, எண்ணெய்க் கறை படிந்த பில் புத்தகங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. வணிகச் சின்னங்கள் சட்டம், 1999இன் 34ஆவது பிரிவின்படி, எதிராளி அந்தப் பெயரைப் பயன்படுத்துவதற்கும் பதிவதற்கும் முன்பிருந்தே நாம் தொடர்ந்து பயன்படுத்தி வந்திருந்தால், பதிவைக் காட்டி நம்மைத் தடுக்க முடியாது. பதில் நோட்டீஸ் போன பிறகு அந்தப் பக்கம் சத்தமில்லை.

அதற்காகப் பதியாமலே இருந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பதியாத பெயரை ஒருவர் களவாடினால், அந்தப் பெயருக்குச் சந்தையில் நற்பெயர் உண்டு என்பதை முதலில் நாம் நிரூபிக்க வேண்டும். அது செலவு பிடித்த வேலை. பதிவுக் கட்டணமோ தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு, அதாவது பொருள்களைப் பிரித்திருக்கும் வகை ஒன்றுக்கு, ரூ.4,500தான். பொடி 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29ஆம் வகுப்பு. இரண்டும் விற்றால் இரு கட்டணம்.

நாங்களும் விண்ணப்பிக்கப் போனோம். படிவம் நிரப்பிய முகவர், 'இனிமேல்தான் பயன்படுத்த உள்ளோம்' என்ற இடத்தில் குறியிட்டிருந்தார். பத்தாண்டு வியாபாரம் அந்த ஒரு குறியில் காணாமல் போயிருக்கும்! முதல் விற்பனைத் தேதியை எழுதி, உறுதிமொழிப் பத்திரமும் பில்களும் இணைக்கச் சொன்னவர் வழக்கறிஞர்தான். விண்ணப்பம் ஏற்கப்பட்டு வணிகச் சின்ன இதழில் வெளியானாலும், பிறர் ஆட்சேபம் தெரிவிக்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். பதிவு கிடைக்கும்வரை பாக்கெட்டில் 'டிஎம்' போடலாம். பதிவான பெயர் என்பதைக் காட்டும், வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது சட்டப்படி தவறு. பதிவு கிடைத்தால் பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

பெயர் தேடுவோருக்கு இன்னொன்று. 'சுவை', 'சூப்பர்' போன்ற புகழ்ச்சிச் சொற்களை நம்ப வேண்டாம். நூடுல்ஸ் பாக்கெட்டின் 'மேஜிக் மசாலா' என்ற பெயருக்காக ஐடிசி நிறுவனம் நெஸ்லே நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், அது பொருளைப் புகழும் பொதுச்சொல், ஒருவருக்கே உரியதல்ல என்று 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கிடைக்காதது நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது. பில் புத்தகங்கள் இப்போது பீரோவில் இருக்கின்றன, சாவி மாமியாரிடம்.

இப்படிக்கு,
பொடி வியாபாரம் செய்யும் வாசகி,
ஈரோடு