1729-க்கு அப்பால் ஓர் எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணித மேதை இராமானுஜனின் பிறந்தநாளான டிசம்பர் 22 வந்தால், கும்பகோணம் பள்ளிகளில் 1729-ஐத் (இரு கன எண்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண்) தவிர வேறு எண்ணே கிடையாது. அவர் 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் எழுதிய கட்டுரையையும் கொஞ்சம் புரட்டலாம். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை 6746328388800 வரை அதில் பட்டியலிட்டார். விடுபட்டது ஒன்றே ஒன்று: 293318625600. வேடிக்கை என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது அவர் பட்டியலின் கடைசி எண்!

விடுபட்ட எண்ணில் 2-இன் அடுக்கு 6; 3-க்கு 4; 5, 7 இரண்டுக்கும் தலா 2; 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒருமுறை. இதற்கு எத்தனை காரணிகள் என்று கேட்டால், மாணவர்கள் அடுக்குகளை அப்படியே பெருக்கி 96 என்று எழுதிவிடுவார்கள். ஒரு பகா எண் காரணியில் வராமலும் இருக்கலாம். அந்த 0 அடுக்கையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆகவே ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டி, 7×5×3×3×2×2×2×2 = 5040.

கடைக்காரர் வைத்திருக்கும் 12 இலக்க கால்குலேட்டரில் விடுபட்ட எண் சரியாக அடங்கும். 23-ஆல் பெருக்கியதும் 13 இலக்கமாகி 'E' என்ற பிழைக் குறி காட்டும். அதைத் தாளில்தான் போட வேண்டும்.

– கணித ஆசிரியர்கள் சிலர், கும்பகோணம்