பரங்கிக்காய்க்கு இடம் உண்டு, கேரட்டுக்கு இல்லையா?

பொங்கல் சமையல் போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நீங்கள் நடத்திய போட்டியில் நானும் கலந்துகொண்டேன். என் பொங்கல் குழம்பு ஒரு வாய்கூடச் சுவைக்கப்படாமல் ஓரங்கட்டப்பட்டது. "பாரம்பரியக் காய்கள் மட்டும்" என்பது உங்கள் விதி. என் குழம்பில் நாலு துண்டு கேரட் மிதந்தது. நடுவராக இருந்த தம்பி அதைக் கரண்டியால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இங்கிலீஷ் காயாச்சே அக்கா" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. விதியைப் படித்தார், அதன்படி நடந்தார். எனக்கு அந்த விதியோடுதான் வழக்கு.

பரிசு வாங்கிய குழம்பையும் எட்டிப் பார்த்தேன். பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தக்காளி, மேலே கிள்ளித் தாளித்த காய்ந்த மிளகாய். மணம் தூக்கியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இந்த நாலுக்கும் பிறந்த மண் அமெரிக்கக் கண்டங்கள். 1492இல் கொலம்பஸ் கடல் தாண்டிப் போவதற்கு முன்னால் இவற்றில் ஒன்றைக்கூட நம் ஊர் அடுப்பு கண்டதில்லை.

பரங்கிக்காய் பாவம், தன் பெயரிலேயே உண்மையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. ஐரோப்பியரைப் பரங்கி என்றுதானே நம் ஆட்கள் கூப்பிட்டார்கள்? பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் கேட்டால் இதே கதைதான். தக்காளிக்கு அவர் சொல்லும் பெயர் 'ஃபான் சியே', சர்க்கரைவள்ளிக்கு 'ஃபான் ஷூ'. 'ஃபான்' என்றால் அயல்நாட்டு என்று பொருள். 'சியே' கத்தரிக்காய். ஆக தக்காளி அவர்களுக்கு அயல்நாட்டுக் கத்தரிக்காய்! நாம் பரங்கி என்றோம், அவர்கள் ஃபான் என்றார்கள்.

மிளகாயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். அதை 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதுவரை நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு மிளகின் காரம் இருந்ததால் மிளகு, காய் இரண்டையும் சேர்த்து மிளகாய் ஆக்கிவிட்டோம். விலை உயர்ந்த மிளகுக்கு மலைக்கொடி வேண்டும். மிளகாய்க்கு வீட்டுப் பின்கட்டில் கையகல மண் போதும். ஏழை வீட்டு அடுப்பு அதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. இன்று மிளகாய் இல்லாத குழம்பை யாராவது வைத்தால் நாமே "பத்தியச் சாப்பாடா?" என்று கேட்போம்.

சரி, கேரட்டுக்கு வருவோம். ஆப்கானிஸ்தான், பாரசீகப் பக்கங்களில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஊதாவும் மஞ்சளுமாகப் பயிரானது அது. ஆரஞ்சு நிறக் கேரட்டை 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பரப்பியவர்கள் ஹாலந்துக்காரர்கள். ஊர்க் கணக்குப் பார்த்தால் மெக்சிகோவைவிட ஆப்கானிஸ்தான் நமக்கு எவ்வளவோ பக்கம்.

சர்க்கரைப் பொங்கல் மேசையையும் விட வேண்டாம். நெய்யில் பொரித்துப் போட்ட முந்திரியின் தாயகம் பிரேசில். குழம்பில் கரைத்த புளி ஆப்பிரிக்க மரம். அதற்கு அரபுக்காரர்கள் வைத்த பெயருக்கு 'இந்தியப் பேரீச்சை' என்று அர்த்தம், அவர்களையே நாம் ஏமாற்றியிருக்கிறோம். மேடையின் இரண்டு பக்கமும் நீங்கள் கட்டியிருந்த கரும்பு? அதன் பூர்வீகம் நியூ கினி. நமக்கு ரொம்பப் பழைய உறவு என்பது உண்மைதான். ஆனால் அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்து தந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். கொண்டுவந்ததைப் பெருமையாகத்தான் பாடினார்.

எங்கள் பாட்டி மரவள்ளிக்கிழங்கைத் தொடவே மாட்டார். ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் இந்தச் சிங்கப்பூர்த் தீவே அதைத் தின்று உயிர் பிழைத்தது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்? இன்றைக்கும் இந்த ஊர் தன் உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. தேக்கா சந்தையில் கேரட் எடுத்தால், "கேமரன் மலைக் கேரட்டா, சீனாக் கேரட்டா?" என்றுதான் கடைக்காரர் கேட்கிறார்.

அடுத்த பொங்கலுக்கு அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, "உங்கள் வீட்டில் வழக்கமாக வைக்கும் குழம்பு" என்று போடுங்கள். பாரம்பரியம்தான் வேண்டும் என்றால் அதையும் ஒழுங்காகச் செய்வோம். மிளகாய், தக்காளி, பரங்கி, உருளைக்கிழங்கு, முந்திரி எதுவும் இல்லாமல், மிளகும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாழைக்காயும் வைத்து ஒரு தனிப் போட்டி நடத்துங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டு, எது எங்கிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் எழுதி வைக்கச் சொல்லலாம். முதல் ஆளாக நான் பெயர் கொடுக்கிறேன்.

அப்புறம், என் எவர்சில்வர் தூக்கு உங்கள் மேசையிலேயே தங்கிவிட்டது. மூடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். உள்ளே இருந்ததை யார் சாப்பிட்டார்கள் என்று கேட்க மாட்டேன், தூக்கை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கேரட் போட்ட அக்கா