பஞ்சத்து ஆண்டியா, பரம்பரை ஆண்டியா? பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். சேலம் பக்கம் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தாது வருடப் பஞ்சத்தை ஒவ்வோர் ஆண்டும் ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். 1876 முதல் 1878 வரை பஞ்சம், மழை பொய்த்தது, லட்சக்கணக்கானோர் மடிந்தனர், பஞ்சக் குழு அமைக்கப்பட்டது. தேர்வில் வந்தால் இரண்டு மதிப்பெண். இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மழை பொய்த்த அன்றே யாரும் சாகவில்லை. நடுவில் பல மாதங்கள் இருந்தன. அந்த மாதங்களில் ஒரு குடியானவன் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

சோற்றை மிச்சம் வைத்தால் எங்கள் அப்பத்தா, "தாது வருசத்துல பொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்பார். அவரும் அப்போது பிறக்கவில்லை. அவருடைய பாட்டி சொல்லிக் கேட்டதுதான். அந்தப் பேச்சில் பஞ்சம் என்றால் பிணக்குவியல் வராது. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக வெளியே போன வரிசைதான் வரும். முதலில் தானியம் கொட்டி வைக்கும் குதிர் காலி. அடுத்து ஆடு. அப்புறம் பித்தளைப் பாத்திரம், தோடு, காப்பு. ஊரே ஒரே நேரத்தில் விற்க வரும்போது வாங்குகிறவன் சொன்னதுதான் விலை. கம்பும் சோளமுமோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிக்கொண்டிருந்தன. விற்கிற பொருளெல்லாம் மலிவு, வாங்குகிற பொருளெல்லாம் கிராக்கி. பொருளாதாரப் பாடத்துக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

மாட்டை மட்டும் கடைசிவரை வைத்துக்கொண்டார்கள். தீவனம் இல்லாமல் கூரை வேய்ந்திருந்த வைக்கோல் தாளைப் பிடுங்கிப் போட்டார்கள். வித்துத் தானியப் பானையின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி வைத்தார்கள். அந்தக் கட்டு அவிழ்ந்த நாளைத்தான் அப்பத்தா "குடி போன நாள்" என்பார். சாவு அதற்குப் பிறகு வந்த சங்கதி.

இன்னொரு பக்கம் கிஸ்தி, அதாவது நில வரி. குடியானவனிடமே சர்க்கார் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையில் பட்டாதாரர் வரியைக் காசாகவே கட்ட வேண்டும். பாக்கி விழுந்தால் உடைமையையும் நிலத்தையும் ஜப்தி செய்து ஏலம் போட 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் இடம் கொடுத்தது. விளையாத நிலத்துக்கு வஜா, அதாவது வரித் தள்ளுபடி, உண்டுதான். ஆனால் நல்ல வருடங்களில் கட்டிய வரியும் வட்டியும் போக, கெட்ட வருடத்துக்கென்று எத்தனை பேரிடம் மிச்சம் இருந்திருக்கும்?

இனி நிவாரணம். சேலம் வழியாக ரயில் ஓடத் தொடங்கிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. தானியம் வரத் தடையில்லை, வாங்கத்தான் காசில்லை. சென்னை அரசு தானே 30,000 டன் தானியம் வாங்கியபோது, வியாபாரத்தில் தலையிடாதே என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு கண்டித்தது. 1877 ஜனவரியில், நிவாரணத்தைப் பார்வையிட லிட்டனின் அரசு அனுப்பிய ஸர் ரிச்சர்டு டெம்பிள் வந்து இறங்கினார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் நம் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும். இது உயிர் தரிக்கவே காணாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை பிடித்தார். அளவை உயர்த்தினார்கள், சில மாதம் கழித்து.

நம் ஊரில் ஒரு கேள்வி உண்டே: பஞ்சத்து ஆண்டியா, பரம்பரை ஆண்டியா? சர்க்கார் விதிகள் கேட்டதும் இதையேதான். உண்மையாகவே வக்கற்றவன்தானா என்று பார்க்க, ஊரை விட்டுத் தள்ளி வேலை கொடுத்தார்கள். அதற்குப் போனால் மாட்டைப் பார்க்க ஆளில்லை, போகாவிட்டால் கஞ்சியில்லை. மாடும் ஏரும் மிச்சம் இருந்தவன் போகாமல் இழுத்துப் பிடித்தான். கடைசியில் போனபோது கல் உடைக்கிற உடம்பு அவனிடம் இல்லை.

சென்னைப் பிள்ளைகளுக்கு அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டைக் காட்டலாம். பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது அது. பெயர் வெட்டியவர்களுக்குப் போகவில்லை, ஆளுநருக்குப் போயிற்று. சேலம் பிள்ளைகளுக்கு இரண்டு எண்களை எழுதிப் போட்டாலே போதும்: மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்து மக்கள் தொகை 1871-ல் சுமார் 19.7 லட்சம், 1881-ல் சுமார் 16 லட்சம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக் கதை பட்டா வைத்திருந்தவர்களின் கதை. குதிரோ தோடோ மாடோ இல்லாத பண்ணையாள் குடும்பத்துக்கு விற்பனை வரிசையே கிடையாது. அவர்கள் பஞ்சம் முதல் நாளே தொடங்கிவிட்டது. வேலை நின்ற அன்றைக்கே கஞ்சி நின்றது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-ல் இவர்கள் நிலையைப் பற்றி அறிக்கை எழுதி, மறு ஆண்டு பஞ்சமி நிலத்துக்கு, அதாவது தாழ்த்தப்பட்டோருக்குச் சர்க்கார் ஒதுக்கிய நிலத்துக்கு, வழி பிறந்தது. பஞ்சத்துக்கும் அதற்கும் இடையே பதினைந்து வருடம்! பஞ்சத்தின்போது அந்தக் குடும்பங்களில் பலரும், தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணிக்குப் பின்னால் இலங்கைக்கு நடந்தார்கள். வழிச் செலவே முதல் கடனாக அவர்கள் பேரில் ஏறியது. அங்கே காப்பிச் செடிக்கு இலை நோய் கண்டு, தோட்டங்கள் சீரழிந்துகொண்டிருந்த காலம் அது. பக்கம் எழுதும்போது இவர்களை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடாதீர்கள்.

பக்கத்தின் கீழே பயிற்சிக் கேள்வி வைப்பீர்கள் அல்லவா? அதற்கு ஒன்று தருகிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் எட்டாம் வகுப்பில் செய்து பார்த்தது. ஆடு, தோடு, பாத்திரம், மாடு, வித்துத் தானியம், நிலம் என்று கரும்பலகையில் எழுதி, மழை இல்லை, எதை முதலில் விற்பீர்கள், வரிசைப்படுத்துங்கள் என்றேன். வகுப்பில் பாதிக்கு மேல் மாட்டை முதலில் எழுதியிருந்தது. நல்ல விலை வருமாம். வீட்டில் மாடு வைத்திருக்கிற பையன் ஒருவன் மட்டும் கடைசியில் போட்டிருந்தான். ஏன்டா என்று கேட்டதற்கு, "மாட்ட வித்துட்டா, அப்பறம் மழ பேஞ்சு என்னத்துக்குங்க சார்?" என்றான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்